மாமியின் சட்டியும் கொழுத்த பூனையும்

எங்கள் குசினியில் இன்னும் ஒரு மண்சட்டி இருக்கிறது. வாய்விளிம்பில் பெருவிரல் அளவுக்கு உடைந்த சட்டி. என் மனைவியின் தாய், அதாவது என் மாமி, வெருகல் பக்கத்திலிருந்து இடம்பெயர்ந்து எங்களிடம் வந்தபோது கையில் கொண்டுவந்த ஒரே சாமான் அதுதான். ஊர் முழுக்க உழவு இயந்திரப் பெட்டிகளில் ஏறி ஓடியபோது மற்றவர்கள் காணி உறுதிப் பத்திரத்தையும் நகையையும் தேடி எடுத்திருக்கிறார்கள். மாமி மீன்சட்டியைப் பழைய சேலையால் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு வந்தார். வழியில் சோதனைச்சாவடியில் ஒரு சிப்பாய் சேலையை அவிழ்க்கச் சொல்லிச் சட்டிக்குள் மூக்கை விட்டுப் பார்த்து, "மாளு" என்று கூட்டாளியிடம் சொல்லிச் சிரித்தானாம். சிங்களத்தில் மீனுக்கு அதுதான் பெயர். "வெறுஞ்சட்டியிலயும் மீனைக் கண்டுபிடிச்சிட்டான் புள்ள. நல்ல மூக்கு" என்று மாமி தன் மகளுக்குச் சொன்னதை நான் முன்னறையில் இருந்து கேட்டேன்.

முன்னறையில் இருந்து கேட்டேன் என்று சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. எங்கள் குடும்பங்களில் மாமியும் மருமகனும் நேருக்கு நேர் கதைப்பதில்லை. அது கோபம் இல்லை, மரியாதை. மாமிக்கு எனக்கு ஏதும் சொல்ல இருந்தால் கதவுக்குப் பின்னால் நின்று மகளிடம் சொல்வார். மகள் என்னிடம் சொல்வாள். என் மறுமொழியும் அந்த வழியாலேயே திரும்பிப் போகும். மாமியின் ஊர்ப் பக்கத்தில் கலியாணம் முடித்த மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போய்க் குடியிருப்பது. பட்டினத்தில் தொழில் என்பதால் நான்தான் மனைவியைக் கூட்டிக்கொண்டு வந்து வாடகை வீட்டில் இருந்தேன். இப்போது மாமியும் வந்து சேர்ந்தது அவருக்கு எவ்வளவு பெரிய கூச்சம் என்று அந்த வயதில் எனக்கு விளங்கவில்லை. "மருமகன் வந்து இருக்கிற வீட்டில இருந்தவள் நான். இப்ப மருமகன்ர வீட்டுக்கு வந்திருக்கிறன்" என்று அவர் அடிக்கடி சொல்லிக்கொள்வார். குசினிக்குள்ளேயே பாயைப் போட்டு அங்கேயே இருந்துகொள்வார்.

என் தொழில் துறைமுகத்தை அண்டிய ஒரு கொட்டிலில் படகு இயந்திரம் திருத்துவது. யாரும் சொல்லித் தந்ததில்லை. பழுதான ஒன்றைக் கழற்றி, பூட்டத் தெரியாமல் முழித்து, பிறகு பூட்டிப் பழகியவன். கடற்படை கடலைத் திறந்துவிடும் நாட்களில் படகுக்காரர்கள் போய் வருவார்கள், பூட்டிவிட்டால் வலையைத் தைத்துக்கொண்டு கரையில் இருப்பார்கள். போன நாளெல்லாம் திரும்பி வருவார்கள் என்றும் நிச்சயமில்லை. அப்படிப் போய் வந்தவர்கள் எனக்கு ஒரு பாரைத் துண்டோ விளைமீனோ தராமல் போகமாட்டார்கள். நான் கடல் மீனில் வளர்ந்தவன். குளத்து மீன் என்றால் எனக்கு அது மீனே இல்லை, நீந்துகிற சேறு. மாமியோ ஆற்றங்கரையில் வளர்ந்தவர், கடல் மீன் பழக்கமில்லை. ஆற்று மீன், குளத்து மீன், விரால், யப்பான் மீன் என்று நாங்கள் சொல்கிற அந்தத் தட்டையான மீன், இவைதான் அவருக்கு மீன். கடல் மீன் சட்டியில் கொதிக்கும்போது அவர் முந்தானையால் மூக்கை மூடுவதை நான் கண்டிருக்கிறேன். அடுப்புப் புகைக்கு என்று நினைத்துக்கொண்டேன்.

கடல் பூட்டிய நாட்களில் கந்தளாய்ப் பக்கத்திலிருந்து ஒருவர் சைக்கிளில் குளத்து மீன் கொண்டுவருவார். மாமி அவரிடம் வாங்கித் தன் சட்டியில் சமைத்து, முதல் துண்டுகளை என் சோற்றுக் கோப்பையில் வைக்கச் சொல்வார். முதல் நாள் வாயில் வைத்தேன். மழை நின்ற வயலில் விழுந்து வாயைத் திறந்தது போல இருந்தது. மனைவியைக் கிட்டக் கூப்பிட்டு, "சேறு மணக்குது, எனக்கு ஏலாது. இனி வேண்டாமெண்டு அம்மாவுக்கு மெதுவாச் சொல்லு" என்றேன். அவள் குசினிக்குப் போய்த் திரும்பி வந்தாள். அடுத்த நாளும் அதே மீன், முன்னையதைவிட இரண்டு துண்டு கூட. மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம் போல என்று நினைத்தேன். மனைவியோ என்னிடம், "நீங்கள் கொண்டுவந்த பாரை அம்மாவுக்கு நல்ல விருப்பமாம்" என்று சொல்லுவாள். எனக்கு மனம் குளிர்ந்துவிடும். அடுத்த முறை படகுக்காரரிடம் வாய்விட்டுக் கேட்டே வாங்கிவருவேன். "என்ன மெக்கானிக், மாமிக்கு மீன் கொண்டுபோற ஒரே மருமகன் நீதான்டா. எங்கட மாமிமார் கேள்விப்பட்டால் எங்களுக்கு வீட்டில இருக்க ஏலாது" என்று அவர்கள் பகிடி பண்ணுவார்கள்.

குளத்து மீனை நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். வீட்டில் ஒரு சாம்பல் நிறப் பூனை இருந்தது. மனைவி தண்ணீர் எடுக்கத் திரும்பினால் துண்டு மேசைக்குக் கீழே போகும். மரியாதையும் காப்பாற்றப்பட்டது, வயிறும் காப்பாற்றப்பட்டது. நிவாரண அரிசியும் பருப்பும் சாப்பிட்டு ஊரே மெலிந்திருந்த காலத்தில் எங்கள் பூனை மட்டும் நடக்க மனமில்லாமல் படுத்துக் கிடந்தது. "உங்கட பூனைக்கு ஆர் நிவாரணக் கூப்பன் எழுதினது?" என்று பக்கத்து வீட்டு அக்கா வேலிக்கு மேலால் கேட்டார். நானும் சிரித்தேன், என் பங்கை மட்டும் நினைத்து. ஒரு பூனை அவ்வளவு கொழுக்க என் பங்கு போதாது என்று கணக்குப் பார்க்க எனக்குத் தோன்றவில்லை. மாமி மெலிந்துகொண்டு போனதும் கண்ணில் பட்டது. ஊரை நினைத்து என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு நாள் மதியம், கடல் திடீரென்று பூட்டப்பட்டதால், கொட்டிலை மூடிவிட்டு நேரத்தோடு வீட்டுக்கு வந்தேன். மனைவி கிளினிக்குக்குப் போயிருந்தாள். எங்கள் மூத்தவள் அப்போது வயிற்றில். குசினி வாசலில் மாமி சட்டியைச் சேலையால் சுற்றி முடிச்சுப் போட்டுக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஒரு பை. வெருகலுக்குத் திரும்பப் போகிறார் என்று பார்த்த உடனே விளங்கிவிட்டது. அந்தக் கிழமையும் அந்தப் பக்கம் செல் குண்டு விழுந்த சத்தம் பட்டினத்துக்குக் கேட்டது. போனால் திரும்பி வரமாட்டார். மறிக்க வேண்டும், ஆனால் எப்படிக் கதைப்பது? நடுவில் நின்று சொல்ல மனைவி இல்லை. என்னைக் கண்டதும் மாமி கதவுக்குப் பின்னால் போய்விட்டார். கதவுக்கும் எனக்கும் நடுவில் அந்தப் பூனைதான் படுத்திருந்தது. வேறு வழி தெரியாமல் நான் பூனையிடம் கதைத்தேன்.

"பூனை, இந்த வீட்டில ஆருக்கு என்ன குறை எண்டு கேட்டுச் சொல்லு. ஏன் இப்பிடிச் சொல்லாமல் கொள்ளாமல் போகினம்?"

கதவுக்குப் பின்னாலிருந்து மாமியின் குரல் வந்தது, அதுவும் பூனைக்குத்தான்: "குறை ஒண்டும் இல்லையெண்டு சொல்லு பூனை. மருமகன் பாசமாத்தான் கொண்டுவாறார். எனக்குத்தான் அந்தக் கடல் மீன் இறங்குதில்ல. ஆக்கள் உயிரைக் கையில பிடிச்சுக்கொண்டு போய்ப் பிடிச்ச மீன். அதை நான் ஒவ்வொரு நாளும் உனக்குப் போட்டுக்கொண்டு இருக்கிறன். இந்தப் பாவத்தோட மருமகன்ர வீட்டில இருக்க ஏலாது."

எனக்கு முதலில் விளங்கவில்லை. பூனையைப் பார்த்தேன். அது ஒன்றும் அறியாததுபோல் வாலை ஒருமுறை ஆட்டியது. பிறகு என்னை அறியாமலே சிரிப்பு வந்தது. சிரிப்போடு வழக்கமும் போய்விட்டது. "மாமி, நானும் உங்கட மீனை இதுக்குத்தான் போட்டனான்" என்று கதவைப் பார்த்து நேராகவே சொன்னேன். "முதல் நாளே வேண்டாமெண்டு சொல்லிவிட்டனான்."

"வேண்டாமெண்டோ?" என்று மாமி கதவைத் தாண்டி வெளியே வந்தார். "நல்லாயிருக்காம், இன்னும் ரெண்டு துண்டு தரட்டாம் எண்டெல்லோ எனக்குச் சொன்னவள்?"

கலியாணம் முடித்து இரண்டு வருடத்தில் மாமியின் முகத்தை அன்றுதான் நேராகப் பார்த்தேன். ஒரு கண்ணில் சிரிப்பும் மற்றக் கண்ணில் தண்ணீருமாக இருந்தது. சேலை முடிச்சை அவிழ்த்துச் சட்டியை அடுப்படியில் திரும்ப வைத்தபோது விளிம்பு சுவரில் பட்டு உடைந்தது. அந்த உடைவு அன்றையதுதான்.

கிளினிக்கால் வந்த மனைவியிடம் நான் பாய்ந்து விழுந்தேன். அவள் அசையவில்லை. கதிரையில் சாய்ந்து காலை நீட்டிக்கொண்டு, "நீங்கள் சொன்னதை அம்மாட்டச் சொல்லியிருந்தால் அவ அண்டைக்கே போயிருப்பா. அம்மா சொன்னதை உங்களிட்டச் சொல்லியிருந்தால் நீங்கள் முகத்தைத் தூக்கிவைச்சிருப்பீங்கள். மூண்டு மாதம் ரெண்டு பேரும் உயிரோட ஒரு வீட்டில இருந்தனீங்கள். அது போதாதோ?" என்றாள். அவளோடு இன்றுவரை இந்த விஷயத்தில் நான் வாதாடுவதில்லை. உண்மையை அப்படியே கொண்டுபோய்க் கொடுத்திருந்தால் எங்கள் வீட்டில் ஒருவர் குறைந்திருப்பார் என்பது உண்மைதான். ஆனால் அவளுடைய பொய்யே தொடர்ந்திருந்தாலும் அதே ஒருவர் அன்று மதியம் பஸ் ஏறியிருப்பார். இரண்டையும் சேர்த்துப் பார்க்கும்போது எனக்கு இன்னும் ஒரு முடிவு வருவதில்லை.

அதன் பிறகுதான் நாங்கள் சாப்பிடப் பழகினோம். ஒருவருக்கொருவர் பயந்து விழுங்காமல், பிடிக்காவிட்டால் பிடிக்கவில்லை என்று சொல்லிக்கொண்டு பழகினோம். மாமி குளத்து மீனைச் சாம்பலும் உப்பும் போட்டு உரசி, மூன்று தண்ணீரில் கழுவி, மாங்காய் போட்டுச் சமைத்துவிட்டு, "இப்ப எப்பிடி?" என்று நேரே கேட்பார். "இன்னும் கொஞ்சம் சேறு" என்பேன். அடுத்த முறை இன்னும் உரசுவார். எந்த நாளில் அந்தச் சேற்று மணம் மீனின் மணமாக மாறியது என்று எனக்குத் தெரியாது. பொரித்த யப்பான் மீனின் வால் முறுகலாக இருக்கும். அதை முதலில் கேட்டு வாங்குகிறவன் நான் என்று ஒரு நாள் மனைவி சொல்லித்தான் கவனித்தேன். மாமிக்கு நான் நெத்தலியில் தொடங்கினேன், உருவத்தில் ஆற்று மீன் போல இருந்தால் பயம் குறையும் என்று. பிறகு சூடை. பாரை மட்டும் கடைசிவரை அவருக்கு இறங்கவில்லை. "அது பெரிய இடத்து மீன், எனக்குச் சரிவராது" என்பார்.

மாமி கண்மூடிப் பல வருடம் ஆகிறது. கடல் இப்போது திறந்தே கிடக்கிறது. சந்தையில் எல்லா மீனும் இருக்கிறது, குளத்து மீன் வாங்க நான் வரிசையில் நிற்பதைக் கண்டு பழைய படகுக்காரர்கள் தலையில் அடித்துக்கொள்கிறார்கள். வீட்டில் அலுமினியப் பாத்திரங்கள் நிறைய வந்துவிட்டன. மீனுக்கு மட்டும் மனைவி அந்த வாய் உடைந்த சட்டியைத்தான் எடுக்கிறாள். உடைந்த பக்கத்தால் சாய்த்தால் குழம்பு சிந்தாமல் ஊற்ற வசதி என்று காரணம் சொல்கிறாள். அவள் சொல்லும் காரணங்களை நான் இப்போது பாதிதான் நம்புவேன். நேற்றும் யப்பான் மீன், மாங்காய் போட்டு. சட்டியை வழித்துச் சாப்பிட்டோம். மேசைக்குக் கீழே இந்தக் காலத்துப் பூனை ஒன்று நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு எழுந்து போனது. அது மெலிந்த பூனை.