வெள்ளை ரத்தமும் கற்பகத்தின் குழம்பும்

"ரெண்டு வாய்க்கே வயிறு அடைச்சிக்குதே, குழம்புல இன்னாத்தடி போட்ட?" ஆரணியில் பட்டுக்குச் சாயம் போடும் சம்பந்தம் தினமும் கேட்பார். மனைவி கற்பகத்துக்கு மானமே போயிற்று. வண்டி கட்டி வேலூர் டாக்டரிடம் இழுத்துப் போனாள்.

"ரத்தத்துல வெள்ளை அணு பெருகிப்போச்சும்மா. இதுல ரெண்டு வகை. ஒண்ணு கழுத்துல கழலை கட்டும். இவருது மண்ணீரல் வீங்குற வகை, அதான் வயித்துல இடமில்ல. குணமாக்க இன்னும் மருந்து கண்டுபிடிக்கல" என்றார் டாக்டர்.

"ரத்தம் வெளுத்துடுச்சா? சாயத்துல இன்னொரு முக்கு முக்கினா செவந்துடுமுங்க" என்றார் சம்பந்தம்.

"மொதல்ல உன் நாக்க முக்குய்யா! என் குழம்பு தப்பில்லன்னு சொல்லு" என்று கற்பகம் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

ஊர் திரும்பியும் அதே புகார்தான். சாயத்தொட்டி ஓரமாக உட்கார்ந்திருக்கிறார், போய்ப் பாருங்கள். பழமெல்லாம் வாங்கிப் போக வேண்டாம். கற்பகத்தின் குழம்பைச் சாப்பிட்டு, அவர் காதுபட "பிரமாதம்" என்று சொல்லிவிட்டு வாருங்கள்.