சட்டையை வைத்து எடுத்த அளவு

அறந்தாங்கியில் உட்கார்ந்து ஸ்வெட்டர் பின்னுகிறேன் என்றால் யாரும் முதலில் நம்புவதில்லை. மார்கழி விடியலில்கூட இங்கே ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டால் போதும். சித்திரை வெயிலில், ஃபேனுக்கு நேர் கீழே உட்கார்ந்து, வியர்வையில் விரலோடு ஒட்டும் உல்லன் நூலை இழுத்துவிட்டுப் பின்னிக்கொண்டிருந்தபோது பக்கத்து வீட்டு அக்கா வாசலில் நின்று பார்த்தார்.

"பாக்குற எனக்கே வேர்க்குது. இத யாரு போடப் போறா?"

என் கணவர்தான். அவர் குவைத்தில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்க்கிறார். வெளியே அனல் வீசும் ஊரில், கோழியும் மீனும் கல்லாக உறைந்து கிடக்கும் அறைகளுக்குள் போய்ப் பெட்டிகளை அடுக்குவதும் எடுப்பதும் அவர் வேலை. கம்பெனியில் தடித்த கோட்டு உண்டு. ஆனால் ஒரு ஷிஃப்டு ஆள் கழற்றிப் போடுவதைத்தான் அடுத்த ஷிஃப்டு ஆள் மாட்டிக்கொள்ள வேண்டும். "கோட்டு பரவால்ல. கழுத்துலதான் காத்து பூந்துருது" என்று ஒருநாள் போனில் சொன்னார். குறை என்று அவர் வாயிலிருந்து வந்தது அது ஒன்றுதான்.

நான் அப்போது யூடியூப் பார்த்து மப்ளரும் குழந்தைத் தொப்பியும் பின்னப் பழகியிருந்தேன். மகள் பள்ளிக்கூடம் போன பிறகு பகல் முழுக்க வீடு அமைதியாக இருக்கும். அந்த அமைதியில் தொடங்கியது பிறகு என்னைப் பிடித்துக்கொண்டது. ஸ்வெட்டருக்கு ஒரு வெளிநாட்டுப் பெண்மணியின் வீடியோவைத் தேர்ந்தெடுத்தேன். அவர் பின்னியது தடித்த நூலில். புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில் எனக்குக் கிடைத்ததோ மெல்லிய நூல். இரண்டு இழை சேர்த்து உள்ளங்கை அகலத்துக்கு ஒரு துண்டு பின்னி, அங்குலத்துக்கு எத்தனை கண்ணி விழுகிறது என்று பார்த்தேன். அதை வைத்து அந்த அம்மாவின் கணக்கை மாற்றி என் கணக்கைப் போட்டேன். அவருடையதில் கழுத்து திறந்திருந்தது. நான் அதை மூடி, பிடரி முழுக்க மறைக்கும்படி உயரப் பட்டி வைத்தேன். கையுறைக்குள் செருகிக்கொள்ளட்டும் என்று கைகளையும் நீட்டினேன்.

அளவெடுக்க ஆள் பக்கத்தில் இல்லை. போன லீவில் அவர் விட்டுப்போன கட்டம் போட்ட சட்டை பீரோவில் இருந்தது. அதைக் கட்டிலில் விரித்து, தோளுக்குத் தோள், மார்பு, கை என்று டேப்பை வைத்து எடுத்தேன். வயிற்றுப் பக்கம் மட்டும் இரண்டு அங்குலம் கூட்டிக்கொண்டேன். "தொப்பைக்கு எடம் விட்டிருக்கேன்" என்று போனில் சொன்னபோது, "விடு, விடு" என்று சிரித்தார்.

அந்த மாதங்களில் அவர் கூப்பிடும்போதெல்லாம் என் மடியில் பின்னல் இருந்தது. போனைத் தலையணையில் சாய்த்து வைத்துவிட்டுப் பின்னிக்கொண்டே பேசுவேன். பாதிப் பேச்சில், "கொஞ்சம் இருங்க, எண்ணிக்கிட்டிருக்கேன்" என்பேன். அவர் பேசாமல் காத்திருப்பார். ஒருமுறை, இப்போதெல்லாம் ராத்திரிச் சோற்றை விட்டுவிட்டதாகச் சொன்னார். ஏன் என்று நான் கேட்கவில்லை. "நல்லதுதான், ஒடம்பு கொறையட்டும்" என்று சொல்லிவிட்டு அடுத்த வரிசையைத் தொடங்கினேன். அவருக்காகத்தானே பின்னுகிறேன் என்று எனக்கு ஒரு நினைப்பு.

ஆவுடையார்கோயில் பக்கத்திலிருந்து போய் அவரோடு ஒரே அறையில் தங்கியிருக்கும் ஒரு தம்பி லீவில் வந்திருந்தார். திரும்பும்போது அவரிடம் ஸ்வெட்டரைக் கொடுத்துவிட்டேன். அவர் போய்ச் சேர்ந்த வாரம் வெள்ளிக்கிழமை, மத்தியானம் சாப்பாட்டுக்குப் பிறகு என் கணவர் வீடியோவில் கூப்பிட்டார். போனை அந்தத் தம்பி பிடித்திருந்தார். என் கணவர் ஸ்வெட்டரைப் போட்டுக்கொண்டு இரண்டு கையையும் விரித்து நின்றார்.

தோள் தையல் புஜத்தில் இறங்கிக் கிடந்தது. மார்பில் துணி மடிப்பு மடிப்பாகத் தொங்கியது. கழுத்துப் பட்டிக்குள் அவர் தலை தனியாகத் தெரிந்தது.

எனக்கு முதலில் வந்தது கோபம். கணக்கில் கோட்டை விட்டுவிட்டேனே என்று.

"உல்லன் துணிதானே, விரியத்தான் செய்யும்" என்றார் அவர். "கதகதன்னு இருக்கு."

போனை வைத்ததும் கணக்கை மறுபடி போட்டேன். மிச்சமிருந்த மாதிரித் துண்டை அளந்தேன். சட்டையை எடுத்து விரித்து அளந்தேன். எங்கேயும் தப்பில்லை. விட்ட இரண்டு அங்குலத்துக்கு அவ்வளவு தொங்காது. நான் டேப்பை வைத்துக்கொண்டு கட்டிலைச் சுற்றி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்த மகள் மெதுவாகச் சொன்னாள்: "அம்மா, ஸ்வெட்டர் பெருசில்லம்மா. அப்பா எளச்சுப் போயிட்டாங்க."

எட்டாவது படிக்கிற பிள்ளைக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. கொஞ்ச நாளாகவே அவர் போனை முகத்துக்கு மிக அருகில், கீழேயிருந்து மேலாகப் பிடித்துப் பேசினார். முகம் திரை முழுக்க நிறைந்திருக்கும். நான் பார்த்ததும் அதைத்தான். அதையும் பாதி நேரம் பார்க்கவில்லை.

உடனே திருப்பிக் கூப்பிட்டேன்.

"உங்க சட்டைய வச்சு அளந்துதான் போட்டேன்" என்றேன். "கணக்கு சரியாத்தான் இருக்கு."

"அந்தச் சட்டையும் இப்ப எனக்குத் தொளதொளன்னுதான் இருக்கும்" என்றார்.

சர்க்கரை. விசா புதுப்பிக்க மெடிக்கல் பார்த்தபோது தெரிந்திருக்கிறது. அதற்கு முன்பே தாகமும் அசதியுமாக இருந்து, உடம்பு கரைந்திருக்கிறது. மாத்திரை சாப்பிடுகிறாராம். ராத்திரிச் சோற்றை விட்டதும் அதனால்தான்.

"ஏங்க சொல்லல?"

"சொல்லணும்னு ரெண்டு மூணு தடவ நெனச்சேன். நீ கண்ணி எண்ணிக்கிட்டிருந்த. அப்பறம் பேச்சு வேற பக்கம் போயிருச்சு."

குற்றம் சொல்கிற குரலில் சொல்லவில்லை. நடந்ததைச் சொன்னார். திட்டியிருந்தால் பதிலுக்கு நானும் ஏதாவது பேசி அழுதிருப்பேன்.

புதிதாக ஒன்று பின்னி அனுப்புகிறேன், அளவு சொல்லுங்கள் என்றேன். அவர் கேட்கவில்லை. "இதே போதும். உள்ள ரெண்டு சட்டை போட்டா சரியா இருக்கு" என்றார். அந்தத் தம்பியிடம் கேட்டபோது, "அண்ணே தெனம் அதைத்தான் போட்டுக்கிட்டுப் போறாரு அண்ணி. யாரையும் தொட விடமாட்டேங்கிறாரு" என்றார். எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அந்தத் தொங்கலைப் போட்டுக்கொண்டு ஒரு மனிதர் பெட்டி தூக்குவதை நினைத்தால் ஊசியைக் கையில் எடுக்கவே மனம் வரவில்லை. பல வாரம் எடுக்கவும் இல்லை.

ஐப்பசியில் லீவில் வந்தார். திருச்சி ஏர்போர்ட்டில் தள்ளுவண்டியோடு வெளியே வந்தவரை மகள்தான் முதலில் அடையாளம் கண்டாள். நான் அவருக்குப் பின்னால் வந்த வேறொருவரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அதை அவரிடம் இன்றுவரை சொல்லவில்லை.

புதுக்கோட்டையில் ஒரு டாக்டரிடம் காட்டினோம். மாத்திரையை மாற்றிக் கொடுத்தார், வேளா வேளைக்குச் சாப்பிடச் சொன்னார். பயப்படும்படி ஒன்றுமில்லை என்றார். வீட்டுக்கு வந்து அவர் பெட்டியிலிருந்த ஸ்வெட்டரை எடுத்துப் பிரிக்க ஆரம்பித்தேன். அவருக்கு அது பிடிக்கவில்லை.

"நல்லா இருக்குறத ஏன் பிரிக்கிற?"

"நல்லா இல்லங்க."

பிரித்த நூலை அலசி, சுருக்கம் போகக் கொடியில் காயப்போட்டேன். பிறகு அவரை எழுந்து நிற்கச் சொன்னேன். பனியனோடு நின்று கையைத் தூக்கினார். டேப் அவர் மார்பைச் சுற்றி வந்து, நான் எதிர்பார்த்த இடத்துக்கு வெகு முன்னாலேயே சேர்ந்துகொண்டது. தோளில் எலும்பு விரலில் தட்டியது. எண்ணைச் சொன்னால் எழுதிக்கொள்ள மகள் காத்திருந்தாள். நான் டேப்பைப் பிடித்தபடியே நின்றேன். அவரே குனிந்து டேப்பைப் பார்த்து மகளிடம் எண்ணைச் சொன்னார்.

லீவு முடிவதற்குள் பின்னி முடித்தேன். அவர் பக்கத்தில் இருந்து பேசிக்கொண்டே இருந்தார். அவர் வாய் திறந்தால் ஊசியைக் கீழே வைத்துவிடுவேன். "பின்னு, கேட்டுக்கிட்டே பின்னு" என்பார். எனக்கு வரவில்லை. அதனால் முடிக்க நாள் இழுத்தது. இழுக்கட்டும் என்றுதான் இருந்தது.

போன பிறகு, கிடங்கு வாசலில் நின்று முழு உருவமாக ஒரு போட்டோ அனுப்பினார். ஸ்வெட்டர் உடம்போடு கச்சிதமாக இருந்தது. பக்கத்து வீட்டு அக்கா பார்த்துவிட்டு, "கடையில வாங்குனது மாதிரி இருக்கே, அளவெடுத்து வச்ச மாதிரி" என்றார். தலையை ஆட்டிவைத்தேன். இளைத்த உடம்புக்குச் சரியாக வந்திருக்கிறது என்பதில் பெருமைப்பட என்ன இருக்கிறது? சர்க்கரை இப்போது கட்டுக்குள் இருக்கிறதாம், எடையும் கொஞ்சம் ஏறியிருக்கிறதாம். அடுத்த லீவில் அது அவருக்கு இறுக்கிப் பிடித்தால் நல்லது. உட்கார்ந்து இன்னொரு தடவை பிரிப்பேன்.