சாக்கடைக்கு ஒரு சுவர்

எங்கள் தெருச் சாக்கடை பல வருஷமாக நேராக வைகையில்தான் விழுந்துகொண்டிருந்தது. ஆற்றைப் பார்த்த ஜன்னலை ஒரு வீட்டிலும் திறக்க மாட்டோம். சித்திரையில் அழகர் இறங்கும்போது மட்டும் அது புண்ணிய ஆறு, மற்ற நாளெல்லாம் நாற்றம் பிடித்த ஆறு.

என் மனைவிதான் அலையாய் அலைந்து, மனு மேல் மனு கொடுத்து, வாய்க்கால் ஆற்றில் இறங்கும் இடத்தில் சுவர் எழுப்ப வைத்தாள். கழிவெல்லாம் பக்கத்தில் அதற்கென்றே கட்டிய கழிவுநீர்க் கிணற்றில் சேரும். அங்கிருந்து மோட்டார் அதைச் சுத்திகரிப்பு நிலையத்துக்குத் தள்ளும். கொஞ்ச நாளில் ஆற்றில் நுரை அடங்கியது, மீன் குஞ்சுகள் தெரிந்தன. நாங்களும் ஜன்னலைத் திறந்தோம்.

போன ஐப்பசியில் ஒரு சாயங்காலம் பேய்மழை. கரண்ட் போய் மோட்டார் நின்றது, கிணறு நிரம்பியது. தெருவிலேயே பள்ளத்தில் இருப்பது எங்கள் வீடு. குளியலறை ஓட்டை வழியாகக் கறுப்புத் தண்ணீர் குபுகுபுவென்று மேலே வர ஆரம்பித்தது.

வாடகை ஜெனரேட்டர்காரரைப் போனில் பிடித்தேன். "காளவாசல் சிக்னல்ல மாட்டிக்கிட்டேன்ணே, வண்டி நகரல. இந்தா வாரேன்" என்றார்.

அதற்குள் எதிர்வீட்டுக்காரர் கடப்பாரையோடு வந்துவிட்டார், பின்னால் நாலைந்து பேர். "மாப்ள, நாலு செங்கலப் பேத்தாப் போதும், அம்புட்டும் ஆத்துக்குப் போயிரும். ஒன் வீட்டுக்காகத்தான் சொல்றேன்."

எனக்கு அது நியாயமாகத்தான் பட்டது. ஊருக்கு உழைத்துவிட்டு நம் வீடு நாற வேண்டுமா என்று அவள்மேல் ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. அவளோ சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு, கொட்டுகிற மழையில் சுவரை மறித்து நின்றாள்.

"இன்னைக்கு இடிச்சா மறுபடி யாருண்ணே கட்டுவா? நீங்க கட்டுவீகளா?"

"அடம் பிடிக்காத தங்கச்சி. வீடு போகுதுல்ல."

"போறது எங்க வீடுதான. கழுவிக்கிறோம்."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். நான் தலையாட்டினால் அவளைத் தள்ளிவிட்டாவது இடித்துவிடுவார்கள். உள்ளே மெத்தை நனைந்துகொண்டிருந்தது, பிரிட்ஜுக்கு அடியில் தண்ணீர் புகுந்துவிட்டது. அவள் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை, அதுதான் என்னை வதைத்தது.

"வேணாம் மச்சான்" என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. இன்னொரு தடவை கத்திச் சொன்னேன்.

ஜெனரேட்டர் வந்து மோட்டார் ஓடியபோது வீட்டுக்குள் கணுக்கால் அளவு நின்றது. அரிசி மூட்டையைப் பார்த்ததும் அவள் வாய்விட்டு அழுதாள். எதிர்வீட்டுக்காரர் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டு உள்ளே வந்தார். "இதையா மாப்ள இம்புட்டு வருசமா ஆத்துல விட்டோம்?" என்றார்.

பிறகு வேட்டியை மடித்துக் கட்டி ஒரு வாளி அள்ளினார். பழைய பழக்கத்தில் ஆற்றுப் பக்கமாக நடந்தவர் பாதி வழியில் நின்றார். திரும்பி வந்து அதைக் கிணற்றில் ஊற்றினார்.