கார்டை முதலில் வாங்கிவிட்டுக் கேமரா தேடிய சேலம் பயணம்

போன ஐப்பசியில் ஒரு வெள்ளிக்கிழமை, பேத்திக்குக் கேமரா வாங்க எருமப்பட்டியிலிருந்து சேலம் போனேன். பழைய கேமரா வாங்க யாராவது அந்தப் பக்கம் போவதாக இருந்தால், நான் பட்ட குழப்பத்தைப் படித்துவிட்டுப் போனால் பாதி நேரம் மிச்சமாகும். மீதிப் பாதி எனக்கே இன்னும் விளங்கவில்லை.

யாழினி என் மகளின் மகள். பதினோராம் வகுப்பு. ஆண்டகளூர் கேட் பக்கம் ஒரு விடுதிப் பள்ளியில் படிக்கிறாள். படிப்பில் என் பேத்திக்கு அந்த வகுப்பிலேயே இணை கிடையாது, இது நான் சொல்வதில்லை, அவளுடைய வாத்தியார் சொன்னது. விடுதியில் போன் வைத்துக்கொள்ளக் கூடாது. புதன்கிழமை சாயங்காலம் மட்டும் ஐந்து நிமிடம் பேச விடுவார்கள். அந்த ஐந்து நிமிடத்தில்தான் சொன்னாள்: சனிக்கிழமை காலையில் கொல்லிமலைக்கு ஐந்து நாள் இயற்கை முகாமுக்குக் கூட்டிப் போகிறார்களாம். செடி, பூச்சி, பறவை என்று பார்த்ததைப் படம் எடுத்துக் குறிப்பு எழுத வேண்டுமாம். கேமரா உள்ள பிள்ளை தன் பெயரில் தனி நோட்டு போடலாம். இல்லாத பிள்ளை இன்னொருத்தியின் படத்துக்குக் குறிப்பு எழுத வேண்டும்.

போன வருடமும் இவள்தான் எழுதினாள். பள்ளிக்கூடப் பலகையில் ஒட்டியபோது படம் எடுத்த பெண்ணின் பெயர் மட்டும்தான் இருந்தது. அதை அவள் அழாமல் சொன்னாள். அழுதிருந்தால்கூட எனக்கு இவ்வளவு உறைத்திருக்காது.

பள்ளியின் விதி இரண்டு. சிம் போடும் எதுவும் கூடாது. வைஃபை உள்ள கேமராவும் கூடாது. பெற்றவர்கள் பார்க்க வருவதற்கு வெள்ளிக்கிழமை மூன்று மணி முதல் ஐந்து மணி வரை நேரம் கொடுத்திருந்தார்கள். ஐந்து மணிக்குள் கேமராவை வார்டனிடம் காட்டிப் பதிய வேண்டும். மகள் குமாரபாளையத்தில் ஒரு துணிக் கம்பெனியில் வேலை செய்கிறாள், லீவு கிடைக்கவில்லை. "நீயே போயிட்டு வாம்மா" என்று சொல்லிவிட்டாள். வியாழக்கிழமையே போயிருக்கலாம். அன்றைக்கு நவமி. நவமியில் போய்ப் பிள்ளைக்கு முதல் சாமான் வாங்குவேனா?

வெள்ளிக்கிழமை காலை 6.50க்கு எருமப்பட்டியில் டவுன் பஸ். நாமக்கல் பதினேழு கிலோமீட்டர், பெண்களுக்குக் கட்டணம் இல்லை. 7.50க்குச் சேலம் பஸ், ஐம்பத்தைந்து கிலோமீட்டர், ஐம்பது ரூபாய். ஜன்னல் ஓரம் கிடைத்தது. வழியெல்லாம் முட்டை வண்டிகள் எங்களை முந்திக்கொண்டு போயின. 9.20க்குப் புது பஸ் நிலையம். அங்கிருந்து இன்னொரு டவுன் பஸ் ஏறிப் பழைய பஸ் நிலையம் போய் இறங்கியபோது மணி 9.45.

அன்றைக்கு நல்ல நேரம் 9.15 முதல் 10.15 வரை. பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை ராகு காலம். கடைகள் பத்து மணிக்குத்தான் ஷட்டரைத் தூக்கின. பதினைந்து நிமிடத்தில் கேமரா பார்த்து, பேசி, வாங்க முடியுமா? எங்கள் பக்கம் கல்யாணச் சாமான் வாங்கும்போது நல்ல நேரத்தில் நாலு மஞ்சள் கொம்பு வாங்கிவிடுவோம். அதோடு ஆரம்பித்த மாதிரி. மற்றதை அப்புறம் எந்த நேரத்திலும் வாங்கலாம். அதே கணக்கில், கேமராவுக்குள் போடும் மெமரி கார்டை முதலில் வாங்கிவிட்டால் போதும் என்று நினைத்தேன். இதுதான் நான் செய்த தவறு.

முதலில் திறந்தது செல்போன் சாமான் விற்கும் கடை. கார்டு கேட்டேன்.

"எந்தக் கேமராவுக்குங்கம்மா?" என்றார் கடைக்காரர்.

"கேமரா இனிமேத்தான் வாங்கோணும்."

"அப்பக் கேமராவை வாங்கிட்டு வாங்க. அதுக்குத் தக்கன கார்டு தாரேன்."

"பத்தேகாலுக்குள்ள ஒண்ணு வாங்கியாகோணுங்க."

அவர் திரும்பிச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். "செரிங்க. எத்தன ஜிபி?"

"கேமராவுக்குப் போடறதுல பெருசாக் குடுங்க."

அறுபத்து நான்கு ஜிபி என்று ஒன்றை எடுத்துக் கொடுத்தார். தபால்தலை அளவு இருந்தது. 620 ரூபாய். மணி 10.11. எனக்கு அப்படி ஒரு திருப்தி. பழைய கேமரா விற்கும் கடை எங்கே இருக்கிறது என்றும் அவரே வழி சொன்னார். இரண்டு தெரு தள்ளி, மாடியில்.

ராகு காலம் முடியும் வரை கோட்டை மாரியம்மன் கோயிலில் உட்கார்ந்திருந்தேன். பன்னிரண்டு அடித்ததும் மாடி ஏறினேன். கடைக்காரருக்கு ஐம்பது வயதிருக்கும். கண்ணாடி அலமாரியில் கையடக்கக் கேமராக்கள் வரிசையாக இருந்தன. என் பட்ஜெட் நாலாயிரத்து ஐநூறு என்று முதலிலேயே சொல்லிவிட்டேன்.

முதலில் ஒரு வெள்ளி நிறக் கேமரா காட்டினார். பதினான்கு மெகாபிக்சல், தூரத்தில் இருப்பதை ஐந்து மடங்கு கிட்டத்தில் இழுக்கும், வைஃபை இல்லை, 3,200 ரூபாய். எனக்குப் பிடித்துப்போனது. என் கார்டைக் கொடுத்தேன். உள்ளே போட்டார். திரையில் ஏதோ ஆங்கிலத்தில் வந்தது. எடுத்துத் துடைத்து மறுபடி போட்டார். மறுபடியும் அதேதான்.

"இது ஏத்துக்காதுங்கம்மா. இதுக்கு முப்பத்திரண்டு ஜிபி வரைக்குந்தான்."

"உள்ள போயிருச்சே?"

"போவும். படிக்காது."

சாவி பூட்டுக்குள் போகிறது, திறக்கவில்லை என்றால் சாவி சரியில்லை என்று அர்த்தம். இங்கே சாவியும் சரி, பூட்டும் சரி என்கிறார். எனக்குத் தலை சுற்றியது.

அடுத்து ஒரு சிவப்புக் கேமரா, 1,800 ரூபாய். அதில் என் கார்டு உள்ளேயே போகவில்லை. அதற்கு வேறு மாதிரிக் கார்டாம், அந்தக் கார்டு இப்போது தயாரிப்பதே இல்லையாம். "அப்பறம் எதுக்குங்க இத வெச்சிருக்கறீங்க?" என்று கேட்டேன். "அழகா இருக்குதுன்னு சில பேர் வாங்கறாங்க" என்றார்.

மூன்றாவது கறுப்பு. என் கார்டைப் போட்டதும் ஒரு சத்தமும் இல்லாமல் ஏற்றுக்கொண்டது. விலை 6,500. மகளிடம் கேட்டு மேலே போட்டுவிடலாம் என்று மனதில் கணக்குப் போட்டுக்கொண்டே, "வைஃபை இல்லீங்களே?" என்று கேட்டேன்.

"இருக்குதுங்க."

"அதக் கழட்டிர முடியாதுங்களா?"

"அது என்ன லாரி டயருங்களா, கழட்டறதுக்கு?"

ஆக, பள்ளிக்கூடம் ஏற்கும் கேமரா என் கார்டை ஏற்கவில்லை. என் கார்டை ஏற்கும் கேமராவைப் பள்ளிக்கூடம் ஏற்காது. மணி ஒன்று ஆகிவிட்டது.

"முந்நூத்தி அம்பது ரூவாய்க்குப் பதினாறு ஜிபி கார்டு ஒண்ணு வாங்கிக்குங்க, வெள்ளியில போட்டா சோலி முடிஞ்சுது" என்றார். நான் முடியாது என்றேன். நல்ல நேரத்தில் வாங்கியது இந்தக் கார்டு. இதை ஒதுக்கிவிட்டு வேறொன்றைப் போட்டால், ஆரம்பித்ததே ஆரம்பிக்காத மாதிரி. அவருக்கு நான் சொல்வது புரிந்தது, சிரிக்கவில்லை. "செரி, ஒரு வேல பண்ணிப் பாக்கறேன்" என்று கார்டை வாங்கிக் கம்ப்யூட்டரில் சொருகினார். அதற்குள் இருப்பதை அழித்து வேறு முறையில் மாற்றி எழுத வேண்டுமாம். புதுக் கார்டுக்குள் அழிப்பதற்கு என்ன இருக்கிறது என்று கேட்டேன். அவர் சொன்ன பதில் எனக்கு விளங்கவில்லை.

இருபது நிமிடம் ஆனது. வெள்ளிக் கேமராவில் போட்டார். ஏற்றுக்கொண்டது! என்னையே ஒரு படம் எடுத்துக் காட்டினார். நான் பையை எடுக்கப் போனேன்.

"ஒண்ணு சொல்லிப்போடறேனுங்க. இப்ப ஓடுது. எரநூறு முந்நூறு படம் எடுத்த பொறவு தகராறு பண்ணுனாலும் பண்ணும். எடுத்த படம் போனாலும் போகும். அப்ப எங்கிட்ட வந்து கேக்கப்படாது."

மகளுக்குப் போன் போட்டேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "ஏம்மா, இன்னும் ராகு கூடவே உக்காந்துட்டு இருக்கறயா? அந்தச் சின்னக் கார்டை வாங்கிட்டுக் கெளம்பு" என்றாள். "ராகு பன்னண்டுக்கே போயாச்சு" என்று சொல்லி வைத்துவிட்டேன்.

ஆனாலும் அங்கேயே நின்றேன். கொல்லிமலையில் மூன்றாம் நாள் கேமராத் திரையில் அந்த ஆங்கில வரி வருகிறது, யாழினி அதைப் பார்க்கிறாள், அப்புறம் நோட்டை எடுத்துக்கொண்டு அந்தப் பெண்ணின் பக்கத்தில் போய் உட்காருகிறாள். இது அப்படியே என் கண்ணுக்குத் தெரிந்தது. "பதினாறு ஜிபியே குடுங்க" என்றேன். அதை வாங்கியபோது மணி என்ன என்று நான் பார்க்கவில்லை. வேண்டுமென்றேதான் பார்க்கவில்லை.

பில்லில் "வைஃபை இல்லை" என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு முத்திரை வைத்துத் தரச் சொன்னேன். படித்தது ஐந்தாம் வகுப்புதான். ஆனால் எதை எழுதி வாங்க வேண்டும் என்பது எனக்குத் தெரியும்.

புது பஸ் நிலையத்தில் 2.25க்கு நாமக்கல் பஸ். ஆண்டகளூர் கேட்டில் இறங்கி, உள்ளே மூன்று கிலோமீட்டருக்கு ஷேர் ஆட்டோ, இருபது ரூபாய். பள்ளி வாசலில் மணி 3.50. யாழினி கொட்டகையில் காத்திருந்தாள். அன்றைக்கு மூன்றிலிருந்து நாலரை வரை எமகண்டம். கார்டு விஷயத்தில் ஒரு தடவை விட்டுக்கொடுத்தாயிற்று, இதிலும் விட முடியாது. பையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"பையில என்ன அம்மாயி?"

"முறுக்கு."

"குடு."

"இரு சாமி, நாலரை ஆகட்டும்."

"முறுக்குக்கு எதுக்கு நேரம்?" என்றவள் என் முகத்தைப் பார்த்தாள். அந்த நாற்பது நிமிடமும் அவள் கண் பையிலேயே இருந்தது. நான் வீட்டுக் கதை, மாட்டுக் கதை எல்லாம் சொன்னேன். ஒன்றும் அவள் காதில் ஏறவில்லை.

4.31க்கு எடுத்துக் கொடுத்தேன். வாங்கித் திருப்பிப் பார்த்துவிட்டு அவள் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "எப்பத் திருப்பிக் குடுக்கோணும்?"

"ஆருக்குக் குடுக்கறது? உன்னுதுதான்."

வார்டன் அறைக்கு ஓடினோம். எங்களுக்கு முன்னால் ஏழு பேர். நாலரைக்குக் காத்திருந்ததன் பலன் அங்கே தெரிந்தது. எங்கள் முறை வந்தபோது மணி 4.54. வார்டன் அம்மா கேமராவை எல்லாப் பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"வைஃபை இருக்குதுங்களா?"

"இல்லீங்க. பில்லுலயே எழுதி வாங்கியிருக்கறேன், பாருங்க."

படித்தார். முத்திரையைப் பார்த்தார். ஒரு சின்ன ஸ்டிக்கரில் யாழினி என்று எழுதிக் கேமராவின் அடியில் ஒட்டினார். அந்த ஸ்டிக்கரை அவள் கட்டைவிரலால் அழுத்தி அழுத்தித் தேய்த்துக்கொண்டே வெளியே வந்தாள்.

போகிறவர்களுக்கு எனக்குத் தெரிந்ததைச் சொல்லிவிடுகிறேன். கேமராவை முதலில் வாங்குங்கள், கார்டை அப்புறம். கார்டு போடும் மூடிக்குப் பக்கத்தில் சின்ன எழுத்து இருக்கும். எஸ்.டி.எச்.சி. என்று இருந்தால் முப்பத்திரண்டு ஜிபி வரைக்கும்தான் நம்பி வாங்கலாம். எஸ்.டி.எக்ஸ்.சி. என்று இருந்தால் அறுபத்து நான்கும் ஏறும். இரண்டும் பார்க்க ஒரே அளவுதான். ஒரே அளவில் செய்துவிட்டு ஏன் இப்படி வைத்தார்கள் என்பது எனக்கு இன்றுவரை புரியவில்லை, யாரும் புரியும்படி சொல்லவும் இல்லை. விலை குறைவு என்று பழைய ரகக் கார்டு கேட்கும் கேமராவை எடுக்காதீர்கள். கடையிலேயே உங்கள் கார்டைப் போட்டு நாலு படம் எடுத்துப் பாருங்கள். வைஃபை விஷயத்தை எழுதி வாங்குங்கள். நேரம் பார்ப்பவர்கள் நல்ல நேரத்தில் கேமராப் பை ஒன்று வாங்கிக்கொள்ளுங்கள். கைக்கு அடக்கமான எந்தக் கேமராவுக்கும் அது ஆகும். என்னுடைய அறுபத்து நான்கு ஜிபி பீரோவில் இருக்கிறது. என் போனில் போடலாமா என்று கேட்டேன். போனுக்கு அளவிலேயே அதைவிடச் சின்னக் கார்டு வேண்டுமாம்.

முகாம் முடிந்து அடுத்த பார்வை நாளுக்குப் போனபோது கண்ணாடி போட்ட பலகையில் படங்கள் ஒட்டியிருந்தன. ஒரு இலையின் அடிப்பக்கம், அதில் மணி மணியாக வரிசை வைத்த மாதிரி ஏதோ பூச்சியின் முட்டைகள். முட்டைக்குப் பேர்போன ஊர்க்காரி நான், இவ்வளவு சின்ன முட்டையை அதுவரை பார்த்ததில்லை. கீழே படம் எடுத்த பிள்ளையின் பெயர், ஆங்கிலத்தில். எனக்கு ஆங்கில எழுத்து தெரியும், ஆனால் ஒவ்வொன்றாகக் கூட்டித்தான் படிக்க வேண்டும். கண்ணாடியின் மேல் விரலை வைத்து முதல் எழுத்திலிருந்து ஆரம்பித்தேன்.

"அம்மாயி, வெரல வெச்சுப் படிக்காத. எல்லாரும் பாக்கறாங்க" என்று யாழினி என் காதோரம் சொன்னாள்.

"பாக்கட்டும் சாமி" என்று சொல்லிவிட்டு, கடைசி எழுத்து வரைக்கும் விரலை எடுக்காமல் படித்தேன்.