டெல்மிரோவின் சிவப்பு

டெல்மிரோவைப் பற்றி நல்லதாக நாலு வார்த்தை சொல்லலாம் என்றுதான் உட்கார்ந்தேன். வயிற்றெரிச்சல் இல்லாமல் சொல்ல வருமா என்று தெரியவில்லை.

மொந்தேவிதேயோ துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் எங்கள் ஆய்வுக்கூடத்தில் நான் பம்ப் ஓட்டுகிறவன். பெயர் லூபர். கடற்கரைகளையும் துறைமுகங்களையும் சிமெண்டில் சின்னதாகக் கட்டி, தொட்டியில் தண்ணீர் ஓட்டிப் பார்ப்பது எங்கள் வேலை. தண்ணீரை ஓட வைப்பது நான். ஆனால் ஓடுகிற தண்ணீர் யார் கண்ணுக்குத் தெரிகிறது? நீளமான ஊசியால் அதில் சிவப்புச் சாயத்தை இழையாக விட்டால்தான், எங்கே போகிறது, எங்கே சுழல்கிறது என்று தெரியும். அந்த ஊசியைப் பிடிக்கிறவன் டெல்மிரோ. வருகிறவர்கள் கைதட்டுவதெல்லாம் அவனுக்குத்தான்.

முன்பு படகுகளில் பெயர் எழுதிக்கொண்டிருந்தவன். கை நடுங்காது. கல்யாணமான புதிதில் அவன் மனைவி நிபியா, சட்டைக் காலரில் சிவப்பைப் பார்த்துவிட்டு, சட்டையோடு இங்கேயே வந்து நின்றாள்.

"யோவ், எவளோட உதட்டுச் சாயம் இது?"

அவன் தொட்டியில் ஓர் இழை விட்டுக் காட்டினான். அதைப் பார்த்த அவள், "பேசாம இந்தத் தொட்டியையே கட்டிக்கிட்டிருக்கலாம் நீ" என்று சொல்லிவிட்டுப் போனாள். இந்தக் கதையை அவன் சொல்லாத ஆள் கிடையாது. சொல்லும்போது நெஞ்சை நிமிர்த்திக்கொள்வான்.

அப்புறம் யானினா வேலைக்கு வந்தாள். சின்னப் பெண். அவள் விடும் இழை அவனுடையதைவிட மெல்லிசு. அதையாவது பொறுத்திருப்பான். அவன் காய்ச்சலில் படுத்த வாரம் அவனுக்குப் பதிலாக மாத்தே, அதாவது எங்கள் கசப்பு இலைப் பானம், ஊற்றியதும் அவள்தான். எங்கள் ஊரில் ஊற்றுகிறவர் கையில்தான் வெந்நீர் பிளாஸ்க் இருக்கும், வேறு யாரும் தொடக் கூடாது. இலை போட்ட ஒரே குடுவை கைமாறிக் கைமாறி வரும். அவன் திரும்பி வந்தபோது எல்லாரும் அவளைப் பார்த்தே கை நீட்டினார்கள். அன்று பிளாஸ்க்கைப் பிடுங்கி அக்குளில் இடுக்கியவன்தான், அதற்குப் பிறகு கீழே வைக்கவே இல்லை.

"அவ ஊத்துறது மாத்தேயாடா? கழனித்தண்ணி!" என்பான் என்னிடம்.

"திரும்பி வந்தன்னிக்கு வாங்கி வாங்கிக் குடிச்சியே?"

"தாகம்டா."

துறைமுக வாயை ஆழப்படுத்த மண் அள்ளப்போகிறார்கள் என்று கேள்விப்பட்டு, பக்கத்துக் கடற்கரையில் மட்டிச் சிப்பி பொறுக்கும் பெண்கள் ஒரு நாள் வந்தார்கள். கலங்கிய சேறு தங்கள் மட்டி மேல் வந்து படியுமா, கடலோடு போகுமா என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். எங்கள் இஞ்சினியர் பெர்டோமோ, "இன்னிக்கு யானினா ஊசி பிடிக்கட்டும். டெல்மிரோ, நீ சாயத்தைக் கரைச்சுக் குடு" என்றார்.

அவன் முகம் சுண்டிப்போனது. நான் பார்த்தேன். பார்த்து உள்ளுக்குள் குளிர்ந்ததையும் மறைக்க மாட்டேன்.

தொட்டித் தண்ணீரிலேயே கரைத்து, பாட்டிலைத் தொட்டிக்குள்ளேயே கொஞ்ச நேரம் போட்டுவைத்து ஆறவிட வேண்டும். சாயம் சூடாக இருந்தால் மேலே மிதந்துவிடும். புதிதாக வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுப்பது இதைத்தான். சொல்லிக்கொடுப்பதும் டெல்மிரோதான். ஆனால் அன்று அவன் கண் முழுக்க அவள் கையிலிருந்த ஊசி மேல்.

யானினா ஊசியை அடிவரை இறக்கினாள். தரையோடு தவழ வேண்டிய சிவப்பு நேராக மேலே எழுந்தது. வாசல் காற்று அதைத் தள்ளிக்கொண்டு போய்ச் சிமெண்டுக் கரையில் பூசியது.

"பாத்தீங்களா! எங்க மட்டி மேலதான் வருது!" ஒருத்தி தலையில் கைவைத்துக்கொண்டு கத்தினாள்.

"கையை எங்க வச்சே நீ?" என்று பெர்டோமோ யானினாவிடம் சீறினார்.

"அடியிலதான் சார் வச்சேன்."

"ஊசியை டெல்மிரோகிட்ட குடு."

கொடுத்தாள். டெல்மிரோ ஒரு கையில் ஊசியும் மறு கையில் கழுத்தைப் பிடித்த பாட்டிலுமாக நின்றான். மாலை போட்ட மாப்பிள்ளைக்குக்கூட அப்படி முகம் மலர்ந்து நான் பார்த்ததில்லை. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

தண்ணீர் முழுக்க சிவந்துவிட்டதால் தொட்டியைக் காலிசெய்து நிரப்ப வேண்டும். வால்வைத் திறந்தேன்.

"அதுவரைக்கும் ஆளுக்கொரு மாத்தே குடுங்கப்பா" என்றாள் அந்த மட்டிக்காரி.

கை இரண்டும் நிறைந்திருந்ததால் டெல்மிரோ பிளாஸ்க்கைத் தொட்டிச் சுவர்மேல் வைத்திருந்தான். யானினா அதைத் தூக்கினாள். காற்றாகக் கனமில்லாமல் இருந்தது. கவிழ்த்தாள். ஒரு சொட்டு விழுந்தது.

"இன்னும் யாருமே ஒரு வாய் குடிக்கலையே!" என்றேன் நான், எல்லாருக்கும் கேட்கும்படி.

முதல் சுற்றுக்கு முன்பே பிளாஸ்க் காலியாவது எங்கள் நாட்டில் நடக்காத காரியம். பெர்டோமோ டெல்மிரோவின் கையிலிருந்த பாட்டிலைத் தொட்டார். தொட்ட விரலைச் சட்டென்று எடுத்தார்.

"சாயத்துல மாத்தே வெந்நியை ஊத்திட்டேன்" என்றான் டெல்மிரோ. "நெனப்பு இங்க இல்ல."

யாரும் சொல்லாமலே ஊசியை யானினா கையில் கொடுத்தான். பிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு என் மோட்டார் பக்கம் வந்து, அடுப்பில் கெட்டிலை வைத்தான்.

அவளே சாயம் கரைத்தாள், ஆறவைத்தாள், விட்டாள். இந்த முறை சிவப்பு தரையோடு ஊர்ந்து, தடுப்புச் சுவரைச் சுற்றிக்கொண்டு கடல் பக்கம் போனது. மட்டிக்காரிகள் கைதட்டினார்கள். ஒருத்தி யானினாவைக் கட்டிப்பிடித்து முத்தம் கொடுத்தாள்.

"அவ கொஞ்சம் தடிமனா விடுறா" என்று டெல்மிரோ முனகினான். கெட்டில் தளதளவென்று கொதிப்பதை அவன் கவனிக்கவில்லை. "ஒருத்தராவது இந்தப் பக்கம் திரும்பிப் பாக்குறாங்களா பாரு லூபர்."

"இத்தனை வருஷமா நான் இங்கதான்டா நிக்கிறேன். நீ ஒரு தடவை திரும்பிப் பாத்திருக்கியா?"

அவன் திரும்பினான். என்னைப் பார்த்தான், மோட்டாரைப் பார்த்தான், மறுபடி என்னைப் பார்த்தான். குடுவையில் ஊற்றி, அந்தச் சுற்றின் முதல் மாத்தேயை என்னிடம் நீட்டினான். கொதித்த தண்ணீரில் இலை வெந்து கசந்துபோயிருந்தது. ஒரு சொட்டு விடாமல் குடித்தேன்.