பாதி எரு, பாதி யூரியா

ஊர் அவளை எருக்காரி என்றது. அவள் கணவனை யூரியாக்காரர் என்றது. மற்ற எதிலும் ஒத்துப்போகிற அந்தத் தம்பதிக்கு, உரம் என்று வந்துவிட்டால் மட்டும் ஏழாம் பொருத்தம்.

சென்ற ஆண்டு பார்லிக்கு ஆளுக்குப் பாதி போடுவதாகத்தான் பேச்சு. மனம் கேட்டதா? எருவை நம்பினால் ஆகுமா என்று அவர் அவளுக்குத் தெரியாமல் யூரியாவை முழுசாக வீசினார். மனுஷன் மண்ணைச் சாகடித்துவிடுவாரே என்று அவளும் திருட்டுத்தனமாக வண்டி வண்டியாக எருவை இறக்கினாள். பயிர் கரும்பச்சையாகக் கொழுத்து வளர்ந்து, கதிர் பிடித்த வேளையில் ஒரே காற்றுக்குப் பாய் விரித்ததுபோல் படுத்துவிட்டது.

நிலம் அவளுடைய அண்ணனுடையது; இவர்கள் குத்தகைக்குப் பயிரிட்டார்கள். வரப்பில் நின்று அவர் பார்வையைத் திருப்பிக்கொண்டே சொன்னார்.

"தங்கச்சி, அடுத்த வருஷமும் சாஞ்சா வேற ஆளுக்கு விட்டுருவேன்."

அவள் அழுதாள். அழுது முடித்ததும் முகம் கழுவிக்கொண்டு கணவன் முன் வந்து நின்றாள்.

"இனிமே ஒளிவு மறைவு வேணாம். நான் எரு போடறப்ப நீங்க கூட நிக்கணும். நீங்க யூரியா வீசறப்ப நான் நிப்பேன்."

"என்ன, எனக்குக் காவலா?"

"கட்டிக்கிட்டவ காக்காம வேற யாரு காப்பாங்க?"

இந்த ஆண்டு உழவுக்கு முன் மக்கிய எருவை இருவருமாகப் பரப்பினார்கள். யூரியா வழக்கத்தில் பாதிதான். விதைக்கும்போது கொஞ்சம், தூர் கட்டும்போது மீதி. பக்கத்து வயல் கரும்பச்சையில் மினுக்க, இவர்கள் பயிர் இளம்பச்சையாகவே நின்றது. அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஒரு காலை, யூரியா மூட்டையோடு கிளம்பியவரை அவள் வாசலிலேயே மறித்தாள்.

"ஒரே ஒரு கை, தாயே!"

"அந்த ஒரு கையாலதான் போன வருஷம் குடி முழுகிச்சு. வாங்க என்கூட."

வயலில் ஒரு செடியை மண்ணோடு பெயர்த்து அவர் உள்ளங்கையில் வைத்தாள். சென்ற ஆண்டு செங்கல்லாய் இறுகிக் கிடந்த மண் பொலபொலவென்று உதிர்ந்தது. வெள்ளை வேர்கள் அவர் விரல்களில் பின்னிக்கொண்டன.

"இவ்வளவு வேர் விட்டது பட்டினியா கிடக்குது?"

அவர் செடியை மெல்லத் திரும்ப நட்டு மண்ணை அணைத்தார். மூட்டை கடைக்கே திரும்பிப் போயிற்று.

கதிர் முற்றும் சமயம் பேய்க்காற்றும் மழையும் வந்தன. விடிந்ததும் இருவரும் ஓடினார்கள். பக்கத்து வயல் தரையோடு தரையாகக் கிடந்தது. இவர்களுடைய பார்லி நனைந்து, தலை குனிந்து, ஆனால் நின்றுகொண்டிருந்தது!

அண்ணன் வந்து வரப்பைச் சுற்றி நடந்தார். தங்கையின் தலையில் கை வைத்தார்.

"இனி நீங்களே பாத்துக்குங்க. மேட்டு வயலையும் சேத்துக்குங்க."

அவள் கண்கள் நிறைந்தன. யூரியாக்காரர் மட்டும் தலையைச் சொறிந்தார்.

"சந்தோஷம்தான் மச்சான். ஆனா அதுக்கு எரு பத்தாதே!"