காணிக்கை நெல்லும் காலைச் சிலேட்டும்

சபையாரே, ஆண்டவர் என் ஜெபத்தைக் கேட்டார் என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். சாட்சி என்றால் சர்க்கரைப் பொங்கலாக இருக்க வேண்டும் என்று எதிர்பார்ப்பவர்கள் என்னைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். என் வாயில் இன்னும் கசப்பு இருக்கிறது. அதைக் கழுவிவிட்டுப் பேசினால் பொய்யாகிவிடும்.

யுத்தம் தொடங்கிய வருஷம் அது. உபாத்தியாயினிப் பயிற்சி முடித்து, சிம்மக்கல் பக்கம் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் சேர்ந்திருந்தேன். எங்கள் வீடு ஆனையூரில், ஊருக்கு வெளியே இருந்த கூலிக்காரக் குடியிருப்பில். தகப்பனார் இல்லை. என் தாயார் அங்கே ஒரு பண்ணையாரின் வயலில் நடவுக்கும் அறுப்புக்கும் போய் என்னைப் படிக்க வைத்தவர். நான் விடிந்ததும் கிளம்பி, கோரிப்பாளையம் வந்து, ஆற்று மணலில் இறங்கி ஏறிப் பள்ளிக்கூடம் போவேன்.

பயிற்சி முடித்தாலும் சர்டிபிகேட் உடனே கைக்கு வராது. இன்ஸ்பெக்டரம்மா வந்து நாம் நடத்துகிற பாடத்தைப் பார்த்து, நன்று என்று எழுதினால்தான் வரும். எழுதாவிட்டால் வேலை போய்விடும். அப்புறம் என் தாயாருக்குப் பக்கத்தில் நானும் குனிந்து களை பறிக்க வேண்டியதுதான். அது கேவலமான வேலை என்று நான் சொல்லவில்லை. அதிலிருந்து என்னை வெளியே அனுப்ப அவர் பட்ட பாடெல்லாம் வீணாகிவிடுமே என்றுதான் பயந்தேன்.

எங்கள் தலைமை உபாத்தியாயினியைப் பெரிய டீச்சர் என்போம். அவரும் நம் மதத்தவர்தான். ஞாயிறு தவறாமல் கோயிலில் முன் வரிசையில் உட்காருவார். பள்ளிக்கூடச் சுவரில் மசியால் எழுதிய கால அட்டவணை ஒன்று அழகாக இருக்கும். அது வருகிறவர்கள் பார்க்க. உண்மையான அட்டவணை மணிக்குப் பக்கத்தில் தொங்குகிற ஒரு சிலேட்டு. காலை ஜெபம் முடிந்து பிள்ளைகள் வரிசையாக வகுப்புக்குப் போகிறபோதுதான் யாருக்கு எந்த வகுப்பு, என்ன பாடம் என்று அதில் எழுதுவார். மற்றவர்களுக்குப் பெரும்பாலும் மாறாது. ஞானம் என்ற என் பெயருக்கு நேரே மட்டும் விரலால் அழித்து அழித்து எழுதுவார். கணக்குக்குக் குறிப்பு எழுதிக்கொண்டு போனால் சின்னப் பிள்ளைகளுக்குக் களிமண் வேலை. பாட்டுக்குத் தயார் செய்துகொண்டு போனால் தையல். ஒருநாள் துணிந்து கேட்டேன்.

"ஒனக்கென்ன, ஞானம்? நீங்கள்லாம் எந்த வேலைன்னாலும் செய்யப் பழகுன சனந்தானே" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

எனக்கு மணிச் சத்தம் கேட்டாலே வயிறு எரிய ஆரம்பித்தது. ஆற்று மணலில் உட்கார்ந்து, காலையில் குடித்த கஞ்சியை வாந்தி எடுத்துவிட்டுப் போன நாட்கள் உண்டு. "ஆண்டவரே, அந்தச் சிலேட்டை உடையும், இல்லாவிட்டால் முந்தின நாளே எனக்கு ஒரு வார்த்தை சொல்லும்" என்று ஜெபித்தேன். சிலேட்டு கல் மாதிரி இருந்தது. முந்தின நாள் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. ஆண்டவரும் பெரிய டீச்சர் பக்கம்தான் போலிருக்கிறது என்று நினைத்தேன். அப்படி நினைத்ததை மறைக்க மாட்டேன்.

தை மாதம் அறுப்பு தொடங்கியது. எங்கள் குடியிருப்பில் ஒரு வழக்கம் உண்டு. களத்தில் கூலியாகக் கிடைக்கிற நெல்லில் முதல் பிடியைச் சமைக்க மாட்டோம். துணியில் முடிந்து, அறுப்பின் பண்டிகைக்கு முன் கோயிலில் படைத்துவிடுவோம். அந்த நெல்லிலிருந்து ஒரு மணியைக்கூட வாயில் போட மாட்டோம். அன்று காலை என் தாயார் அப்படி ஒரு முடிச்சை என் பையில் வைத்தார்.

"சாயங்காலம் திரும்பி வாரப்ப கோயில்ல குடுத்துரு. சாமி நெல்லு, கீழ கீழ வச்சுராத" என்றார்.

அன்றைக்குத்தான் இன்ஸ்பெக்டரம்மா வந்தார். சுவர் அட்டவணைப்படி நான் மூன்றாம் வகுப்பு வாசிப்புப் பாடம் நடத்துவதாக இருந்தது. இந்த ஒரு நாளாவது மாற்ற மாட்டார் என்று நம்பினேன். நாலாம் வகுப்பில் நெல்லைப் பற்றிப் பொருட்பாடம் நடத்த வேண்டியவள் எஸ்தர், பெரிய டீச்சரின் தங்கை மகள். பொருட்பாடம் என்றால் அந்தப் பொருள் ஒவ்வொரு பிள்ளையின் கைக்கும் போக வேண்டும். பொருள் இல்லாமல் நின்றால் பாடமே இல்லை என்று எழுதிவிடுவார்கள். எஸ்தர் எல்லாவற்றையும் ஒரு பெட்டியில் சேர்த்து வைத்திருந்தாள். இன்ஸ்பெக்டரம்மாவைப் பார்த்ததும் அவளுக்குத் தலைவலி வந்துவிட்டது. பெட்டியைப் பூட்டி, சாவியோடு வீட்டுக்குப் போய்விட்டாள். பெரிய டீச்சர் சிலேட்டில் என் பெயரை அழித்து, நாலாம் வகுப்புக்கு நேரே எழுதினார்.

நாலாம் வகுப்புக்குப் போகும் வழியிலேயே, "ஆண்டவரே, வெறுங்கையோடு அனுப்பிவிட்டார்கள். எதையாவது கொடும்" என்றேன். கெஞ்சிக் கேட்கவில்லை, சண்டை போடுகிற குரலில்தான் கேட்டேன். கேட்ட மாத்திரத்தில் தோளில் கிடந்த பை ஞாபகம் வந்தது. அதில் நெல் இருந்தது. ஆனால் அது அவருடைய நெல்.

எனக்கு வந்த கோபத்தைச் சொல்லி முடியாது. கொடும் என்று கேட்டால், ஏற்கெனவே தமக்கென்று வாங்கி வைத்ததைக் காட்டுகிறாரே, எடுத்தால் என் தாயாருக்கு என்ன பதில் சொல்வேன் என்று மனசு அடித்துக்கொண்டது. இன்ஸ்பெக்டரம்மா நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். முடிச்சை அவிழ்த்தேன்.

பிள்ளைகளைக் கை நீட்டச் சொல்லி, ஒவ்வொரு கையிலும் மேலே இருந்து நெல்லைப் போட்டுக்கொண்டு போனேன். பாதி மணி தரையில் சிந்தியது.

"என்னம்மா, ஏன் அவ்வளவு உயரத்தில இருந்து போடறீங்க? கையில வைங்க" என்றார் இன்ஸ்பெக்டரம்மா.

அப்போதுதான் நான் செய்தது எனக்கே தெரிந்தது. களத்தில் எங்களுக்குக் கூலி அளக்கிறவர்கள், எங்கள் கையோ துணியோ பட்டுவிடாமல் மேலே இருந்துதான் கொட்டுவார்கள். நெல்லை வாங்கவும் கொடுக்கவும் எனக்குத் தெரிந்த முறை அது ஒன்றுதான். அடுத்து கை நீட்டிக்கொண்டிருந்தவள் காமாட்சி. எங்கள் பண்ணையாரின் பேத்தி, சிம்மக்கல்லில் மாமன் வீட்டில் தங்கிப் படிக்கிறவள். அவள் உள்ளங்கையில் என் விரல் படும்படி நெல்லை வைத்தேன். அவள் கையை இழுத்துக்கொள்ளவில்லை.

"டீச்சர், இது எங்கூரு நெல்லா?" என்றாள்.

"ஒங்க வயலு நெல்லுதான். அறுத்தது எங்க ஆத்தா" என்றேன்.

அதற்குப் பிறகு நாற்றங்காலிலிருந்து களம் வரை சொன்னேன். நகத்தால் உமியை உரித்து, அரிசியைக் கடித்துப் பார்க்கச் சொன்னேன். எல்லோரும் கடித்தார்கள். இன்ஸ்பெக்டரம்மா நன்று என்று எழுதினார். "நான்தான் சொல்லிக் குடுத்து அனுப்பினேன்" என்று பெரிய டீச்சர் என் காது கேட்கவே அவரிடம் சொன்னார். நான் குனிந்து, தரையில் சிந்திய மணிகளைப் பொறுக்கினேன்.

வீட்டில், பொறுக்கின சில மணிகளே மிஞ்சியிருந்த துணியைப் பார்த்ததும் என் தாயார் முகம் மாறியது. நடந்ததைச் சொன்னேன்.

"பண்ணையார் வீட்டுப் புள்ளைக்கு மேல இருந்து போட்டியா, கையத் தொட்டுக் குடுத்தியா?" என்று கேட்டார்.

"தொட்டுத்தான் குடுத்தேன் ஆத்தா."

"தின்னாளா?"

"தின்னா."

அடுப்பைப் பார்த்துத் திரும்பிக்கொண்டார். "அப்பக் காணிக்கை போய்ச் சேந்துருச்சு" என்றார்.

சர்டிபிகேட் வந்தது. என் தாயார் இப்போது வயலுக்குப் போவதில்லை. அதற்காக ஆண்டவருக்குத் தினமும் நன்றி சொல்லுகிறேன். ஆனால் சிலேட்டு இன்னும் தொங்குகிறது. பெரிய டீச்சர் இன்னும் முன் வரிசையில் உட்காருகிறார், என் பெயரை இன்னும் அழித்து எழுதுகிறார். மாறினது என் வயிறுதான், இப்போது எரிவதில்லை. எந்த வகுப்புக்குப் போகச் சொன்னாலும் போகிறேன்.

உங்களிலும் கடைசி நேரத்தில் வெறுங்கையோடு தள்ளிவிடப்படுகிறவர்கள் இருப்பீர்கள். கோபம் ஆறட்டும் என்று காத்திருக்காமல், கோபத்தோடேயே அவரிடம் கேளுங்கள். தமக்கென்று வைத்ததையே எடுத்து உங்களுக்குக் கொடுப்பார். கொடுக்கும்போது அவர் மேலே இருந்து போடுவதில்லை.